மீனின் வளர்ச்சிக்கு வேண்டியது எது? தீவனத்தில் அமினோ அமிலங்களின் கணக்கு

தோட்டப்புறங்களில் மீன் வளர்ப்பு புதிய தொழிலன்று. ஓடையை மறித்து வெட்டிய குளத்திலும், கைவிடப்பட்ட ஈயக் குட்டையிலும் மீன் விட்டு வளர்ப்பது நம் முன்னோர் காலத்திலேயே நடந்துவந்த வழக்கமாகும். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஜாவாவிலிருந்து மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவை 'ஜப்பான் மீன்' என்று அழைக்கும் முதியோர் இன்றும் உளர். அம்மீனுக்கு எவரும் தீவன மூட்டை வாங்கியதில்லை. ஒரு கைப்பிடித் தவிடு, கொஞ்சம் தழை, சோற்று மிச்சம் ஆகியவற்றோடு அது வளர்ந்தது; வீட்டுக் குழம்புக்கும் உதவியது.

இன்று அந்நிலை மாறியுள்ளது. கான்வாஸ் தொட்டிகளிலும் சிமெண்டுத் தொட்டிகளிலும் கெலி மீனையும் சிவப்புத் திலாப்பியாவையும் நெருக்கமாக விட்டு, சில மாதங்களில் விற்பனைக்கு எடுக்கும் முறை பரவியிருக்கிறது. மழைக்காலத்தில் பால்வெட்டு தடைப்பட்டு வருமானம் குறையும்போது இது கைகொடுக்கும் என்னும் நம்பிக்கையில் பலர் தம் சேமிப்பை இதில் இடுகின்றனர். இம்முறையில் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்திற்கே போய்விடுகிறது. ஒரு கிலோ மீன் பெறுவதற்கு ஒன்றரைக் கிலோ தீவனம் போதுமான இடத்தில் இரண்டரைக் கிலோ செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். 200 கிலோ மீன் எடுக்கும் ஒருவர் 200 கிலோ தீவனத்தைக் கூடுதலாக வாங்கியிருப்பார். 20 கிலோ மூட்டையானால் அது பத்து மூட்டை. இலாபம் முழுவதும் அந்தப் பத்து மூட்டையிலேயே கரைந்துபோகக்கூடும்.

"இரண்டு தீவனத்திலும் புரதம் 28 விழுக்காடுதான். ஒன்றில் மீன் வளர்கிறது; மற்றதில் வளரவில்லை. ஏன்?" என்பது மீன் வளர்ப்போர் கேட்கும் கேள்வி. இதற்கு விடை அமினோ அமிலங்களில் உள்ளது.

புரதம் என்பது ஒரு தொடர்

இறைச்சி, மீன், முட்டை, பருப்பு, தவிடு ஆகிய எல்லாவற்றிலும் புரதம் உண்டு. ஆயினும் புரதம் என்பது உப்பைப் போலவோ சர்க்கரையைப் போலவோ ஒரே வகைப் பொருளன்று. எழுத்துகள் சேர்ந்து சொற்களும் சொற்கள் சேர்ந்து வாக்கியங்களும் ஆவதுபோல, அமினோ அமிலங்கள் என்னும் சிறு பொருள்கள் குறிப்பிட்ட வரிசையில் கோக்கப்பட்டு உண்டாவதே புரதம். உயிரினங்களின் உடற்புரதங்களில் பொதுவாகக் காணப்படும் அமினோ அமிலங்கள் இருபது. மீனின் தசையும் தவிட்டின் புரதமும் ஏறக்குறைய அதே இருபது எழுத்துகளால் ஆனவையே. எழுத்துகள் கலந்திருக்கும் அளவுதான் வேறு.

மீன் தான் உண்ணும் புரதத்தை அப்படியே தசையாக மாற்றிக்கொள்வதில்லை. குடலில் அதைத் தனித்தனி அமினோ அமிலங்களாகப் பிரித்து, இரத்தத்தில் ஏற்று, பிறகு தனக்கு வேண்டிய வரிசையில் புதிதாகக் கோத்துக்கொள்கிறது. பழைய அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துகளைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பக்கம் கோத்தவர்களை இங்கே நினைத்துப் பார்க்கலாம். 'ம' என்னும் எழுத்து தீர்ந்துவிட்டால், 'அ'வும் 'க'வும் பெட்டி நிறைய இருந்தாலும் பக்கம் முடியாது. மற்ற எழுத்துகளின் மிகுதி அந்த ஓர் எழுத்தின் குறையை ஈடுசெய்வதில்லை.

அச்சுக்கூடத்தில் மிஞ்சிய எழுத்துகள் அடுத்த நாளுக்கு உதவும். மீனின் உடலிலோ அவ்வாறில்லை. அமினோ அமிலங்களைப் பின்னாளைக்கென்று சேமித்துவைக்கும் கிடங்கு மீனுக்கு இல்லை, நமக்கும் இல்லை. ஓர் அமிலம் குறைந்ததால் பயன்படாமல் நின்ற மற்றவை உடலிலேயே எரிக்கப்படுகின்றன. அவ்வாறு எரியும்போது உண்டாகும் அம்மோனியாவை மீன் தன் செவுள் வழியாக நீரில் விட்டுவிடுகிறது. பணம் கொடுத்து வாங்கிய புரதம் இவ்வாறு தொட்டி நீரைக் கெடுக்கும் நஞ்சாக மாறுகிறது. தரக்குறைவான தீவனத்தால் இழப்பு இருமடங்கு என்று சொல்வது இதனால்தான்: மீனும் வளர்வதில்லை, நீரும் கெடுகிறது. பச்சை நிற நீரில் பிற்பகலில் காரத்தன்மை உயரும்போது அதே அளவு அம்மோனியா மேலும் கொடியதாகிறது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

பத்து அமிலங்கள்

இருபதில் பாதியை மீன் தன் உடலிலேயே ஆக்கிக்கொள்ளும். மீதிப் பத்தும் உணவில் வந்தே தீர வேண்டும். அவை அர்ஜினின், ஹிஸ்டிடின், ஐசோலூசின், லூசின், லைசின், மெத்தியோனின், பினைல் அலனின், திரியோனின், டிரிப்டோபேன், வேலின் என்பனவாகும். இவை இன்றியமையா அமினோ அமிலங்கள் எனப்படும். பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. லைசின், மெத்தியோனின் என்னும் இரண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். நாம் வாங்கக்கூடிய தாவரத் தீவனப் பொருள்களில் பெரும்பாலும் முதலில் தீர்ந்துபோகும் எழுத்துகள் இவ்விரண்டுமே.

இப்பத்தையும் மீனில் முதன்முதலாகத் தெளிவாகக் காட்டியவர்களுள் அமெரிக்காவின் ஜான் ஹால்வர் குறிப்பிடத்தக்கவர். அவரும் அவருடைய துணைவரும் சாலமன் மீன் குஞ்சுகளுக்குத் தூய அமினோ அமிலங்களைக் கலந்து தீவனம் ஆக்கினர். பிறகு ஒவ்வொரு தொட்டிக்கும் ஓர் அமிலத்தை மட்டும் விலக்கிக் கொடுத்துப் பார்த்தனர். இந்தப் பத்தில் எதை விலக்கினாலும் குஞ்சுகளின் வளர்ச்சி நின்றது. விலக்கியதைத் திரும்பச் சேர்த்தபோது வளர்ச்சி மீண்டது. மற்றவற்றை விலக்கியபோது வளர்ச்சி தடைப்படவில்லை. இம்முடிவுகள் 1957இல் வெளிவந்தன.

நம் நாட்டில் வளர்க்கும் திலாப்பியாவுக்கு எது எவ்வளவு வேண்டும் என்னும் கணக்கு பின்னர் வந்தது. பிலிப்பைன்ஸைச் சேர்ந்த கொராசன் சாந்தியாகோவும் அமெரிக்காவின் லவலும் செய்து 1988இல் வெளியிட்ட ஆய்வின்படி, நைல் திலாப்பியாவின் தீவனப் புரதத்தில் 100 கிராமுக்கு லைசின் ஏறக்குறைய 5.1 கிராமும், மெத்தியோனினும் அதன் உறவான சிஸ்டினும் சேர்ந்து 3.2 கிராமும், டிரிப்டோபேன் 1 கிராமும் இருத்தல் வேண்டும். கெண்டை மீனுக்கு லைசின் 5.7 கிராம் என்றும், அமெரிக்கக் கெளுத்திக்கு 5.1 கிராம் என்றும் வேறு ஆய்வுகள் கூறுகின்றன. மீன்கள் வேறானாலும் எண்கள் ஒன்றுக்கொன்று நெருங்கியே நிற்கின்றன. மீன்களின் தசையில் அமினோ அமிலங்கள் கலந்திருக்கும் அளவு இனத்துக்கு இனம் அதிகம் வேறுபடாததே இதற்குக் காரணம்.

சிஸ்டினைப் பற்றி ஒரு சொல். மீன் தன் உடலில் மெத்தியோனினிலிருந்து சிஸ்டினை ஆக்கிக்கொள்ளும். சிஸ்டினிலிருந்து மெத்தியோனினை ஆக்க அதற்கு இயலாது. தீவனத்தில் சிஸ்டின் இருந்தால் மெத்தியோனின் தேவையில் ஏறக்குறைய பாதி மிச்சமாகும். அதனாலேயே இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுகின்றனர்.

குறை நேர்ந்தால் என்ன தெரியும்? குளிர்நாட்டு ட்ரவுட் மீனில் மெத்தியோனின் குறைந்தால் கண்ணில் புரை விழுவதும், டிரிப்டோபேன் குறைந்தால் முதுகெலும்பு வளைவதும், லைசின் குறைந்தால் வால் துடுப்பு அரிந்துபோவதும் கண்டறியப்பட்டுள்ளன. நம் திலாப்பியாவிலும் கெலியிலும் இத்தகைய அடையாளங்களை எதிர்பார்த்துக் காத்திருத்தல் ஆகாது. பெரும்பாலும் தெரிவது இரை எடுப்பதில் மந்தமும், வளர்ச்சிக் குறைவும் மட்டுமே. மீன் சாகாது, வளராது. நோய் என்று அறிய வழியில்லாத இந்த நிலைதான் வளர்ப்பவரை அதிகம் ஏமாற்றுகிறது.

மூட்டையின் மேல் அச்சிட்ட எண்

தீவன மூட்டையின் மேல் 'புரதம் 28 விழுக்காடு' என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கிறோம். அந்த எண் எவ்வாறு கிடைக்கிறது என்று அறிந்தால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் புரியும். டென்மார்க் நாட்டின் ஜோஹன் கெல்டால் என்னும் இரசாயன அறிஞர் 1883இல் வகுத்த முறை இன்றும் கையாளப்படுகிறது. பொருளில் உள்ள நைட்ரஜனை அளந்து, அதனை 6.25ஆல் பெருக்கினால் வருவதே புரதத்தின் அளவு. புரதத்தில் சராசரியாக நூற்றுக்குப் பதினாறு பங்கு நைட்ரஜன் இருப்பதால் இக்கணக்கு பொருந்துகிறது. ஆயின் அந்த நைட்ரஜன் லைசினிலிருந்து வந்ததா, வேறெதிலிருந்து வந்ததா என்று இம்முறை சொல்லாது.

இந்த இடைவெளியைத் தீயோர் பயன்படுத்திக்கொண்டதும் உண்டு. நைட்ரஜன் மிகுந்த மெலமின் என்னும் இரசாயனப் பொருளைக் கலந்து, புரதம் மிகுந்தது என்று காட்டிய மூலப்பொருள்கள் 2007இல் அமெரிக்காவில் நாய், பூனை உணவிலும், வட அமெரிக்காவில் மீன் தீவனத்திலும் கண்டுபிடிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு, 2008இல், சீனாவில் குழந்தைகளுக்கான பால் மாவில் அதே பொருள் கலந்து, ஏறக்குறைய மூன்று இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்ட கொடுமை உலகறிந்தது.

ஏமாற்றே இல்லாத நேர்மையான தீவனத்திலும் இதே குழப்பம் நேரலாம். கோழி இறகைப் பதப்படுத்தி அரைத்த தூளில் புரதம் 80 விழுக்காட்டைத் தாண்டும். எண்ணைப் பார்த்தால் மீன் தூளையே விஞ்சிவிடும். சிஸ்டினும் அதில் நிறைய உண்டு. ஆனால் லைசினும் மெத்தியோனினும் குறைவு. சரியாகப் பதப்படுத்தாவிட்டால் செரிமானமும் ஆவதில்லை. சிறிதளவு சேர்க்கலாமே தவிர, அதை நம்பி மீன் வளர்க்க முடியாது.

ஒரே புரதம், இரு கலவைகள்

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். எண்கள் சுமாரானவை, பொருளின் தரத்துக்கேற்ப ஏறும், இறங்கும்.

முதற்கலவை பத்துக் கிலோ: கடலைப் புண்ணாக்கு 5 கிலோ, தவிடு 5 கிலோ. புண்ணாக்கில் புரதம் நூற்றுக்கு 45, தவிட்டில் 12. ஆகக் கலவையில் 2.85 கிலோ புரதம், அதாவது 28.5 விழுக்காடு. திலாப்பியாவுக்குப் போதுமான எண்தான். லைசினைப் பார்ப்போம். புண்ணாக்கிலிருந்து 80 கிராமும் தவிட்டிலிருந்து 27 கிராமும் சேர்ந்து 107 கிராம் வருகிறது. தேவை 146 கிராம். நான்கில் மூன்று பங்குகூட நிறையவில்லை. மெத்தியோனினும் சிஸ்டினும் சேர்ந்து 80 கிராம். தேவை 91 கிராம். அதுவும் குறைவே.

இரண்டாம் கலவையும் பத்துக் கிலோதான்: மீன் தூள் ஒன்றரைக் கிலோ, சோயாப் புண்ணாக்கு 3 கிலோ, தவிடு ஐந்தரைக் கிலோ. மீன் தூளில் புரதம் 60 விழுக்காடு, சோயாவில் 44 விழுக்காடு என்று கொண்டால், கலவையில் 2.88 கிலோ புரதம். முன்னதற்கும் இதற்கும் புரத அளவில் வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். ஆனால் லைசின் மீன் தூளிலிருந்து 67 கிராம், சோயாவிலிருந்து 84 கிராம், தவிட்டிலிருந்து 30 கிராம், ஆக 181 கிராம். தேவைக்கு மேல் இருக்கிறது. மெத்தியோனினும் சிஸ்டினும் சேர்ந்து 96 கிராம். தேவையான 92 கிராமை ஒட்டினாற்போல் நிற்கிறது. (தீவனத்தைப் பிணைக்கும் மரவள்ளி மாவுக் கஞ்சியும், வைட்டமின், தாதுக் கலவையும் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை.)

இரு கலவைகளின் மேலும் ஒரே எண்ணை அச்சிடலாம். தொட்டியில் விட்டால் வேறு வேறு விளைவு தரும். முதற்கலவையில் லைசின் தீர்ந்த இடத்தில் வளர்ச்சியும் நிற்கும். மீதிப் புரதம் அம்மோனியாவாக வெளியேறும். "புரதம் போதவில்லை போலும்" என்று எண்ணி இன்னும் அதிகக் கடலைப் புண்ணாக்கைப் போடுவோர் உண்டு. அதனால் லைசின் சற்றுக் கூடும் என்பது உண்மையே. நீர் கெடுவதும் செலவும் அதைவிட விரைவாகக் கூடும்.

இக்கணக்கு நம் சமையலறைக்குப் புதியதன்று. அரிசியின் புரதத்தில் லைசின் குறைவு. பருப்பில் லைசின் நிறைய உண்டு, மெத்தியோனின் குறைவு. சோற்றோடு சாம்பாரையும், அரிசியோடு உளுந்தைச் சேர்த்து அரைத்த இட்டிலி, தோசையையும் நம் தாய்மார் தலைமுறை தலைமுறையாகப் பரிமாறி வந்திருக்கின்றனர். அமினோ அமிலத்தின் பெயரே அறியாமல் ஒன்றின் குறையை மற்றொன்றால் நிரப்பியுள்ளனர். மீன் தீவனத்திலும் அதே முறைதான். தேங்காய்ப் புண்ணாக்கு, செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு, தவிடு ஆகிய மலிவான பொருள்களில் லைசின் குறைவு. இவற்றோடு சோயாவும் சிறிது மீன் தூளும் சேரும்போது கலவை நிறைவு பெறுகிறது. செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கில் நார் மிகுதி என்பதால் அதை அளவோடுதான் சேர்க்க வேண்டும். இவை ஒரே வேளை இரையில் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். காலையில் தவிடும் மறுநாள் சோயாவும் என்று மாற்றி மாற்றிப் போடுவது கலவைக்கு ஈடாகாது. சேமித்துவைக்கும் கிடங்கு மீனுக்கு இல்லை என்பதை முன்பே கண்டோம்.

மீனுக்கு ஏன் இவ்வளவு புரதம்?

கோழித் தீவனத்தில் 20 விழுக்காட்டை ஒட்டிய புரதம் போதும்போது, வளரும் திலாப்பியாவுக்கு 28 முதல் 32 வரையும், சிறு குஞ்சுக்கு 40க்கு மேலும் ஏன் வேண்டும்? மீன் பேராசை பிடித்த உயிர் என்று எண்ண வேண்டாம். கோழி தன் உடலைச் சூடாக வைத்துக்கொள்ள உணவில் பெரும்பகுதியை எரிக்கிறது. மீனின் உடல் நீரின் வெப்பத்திலேயே இருக்கிறது; நீர் அதைத் தாங்குவதால் நிற்கவும் நடக்கவும் வேண்டிய உழைப்பும் இல்லை. ஆகவே அதற்கு எரிபொருள் குறைவாகப் போதும். தசை கட்டும் பொருளின் விழுக்காடு அதிகமாகத் தெரிகிறது. மொத்தத்தில் ஒரு கிலோ மீனுக்கு வேண்டிய தீவனம் அதனால் குறைவே.

குளம் வேறு, தொட்டி வேறு

முற்காலத்துத் தோட்டக் குளத்தில் தவிட்டை மட்டும் தின்று மீன் வளர்ந்ததே, அது எப்படி என்று கேட்கலாம். இக்கேள்வியே இக்கட்டுரையின் உயிர்நாடி எனலாம். ஆட்டுப் புழுக்கையோ கோழி எருவோ இட்ட மண் குளத்தில் நீர் பச்சையாகிறது. அப்பச்சை நிறம் கண்ணுக்குத் தெரியாத பாசி. அப்பாசியைத் தின்னும் நுண்ணுயிரிகளும் அதனோடு பெருகுகின்றன. இவற்றின் புரதத்தில் லைசினும் மெத்தியோனினும் நல்ல அளவில் உள்ளன. திலாப்பியா நாள் முழுவதும் அவற்றை உண்கிறது. அங்கே தவிடு எரிபொருளாக மட்டும் பயன்படுகிறது. தசை கட்டும் பொருளைக் குளமே தருகிறது.

அந்தக் குளத்தில் மீன்கள் அடர்ந்து இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். அதே திலாப்பியாவைக் கான்வாஸ் தொட்டியில் பத்து மடங்கு நெருக்கமாக விட்டால், நீரில் உள்ள இயற்கை உணவு ஒவ்வொரு மீனுக்கும் துளியளவே கிடைக்கும். இனி எல்லா அமினோ அமிலங்களும் நம் கையிலிருந்தே போக வேண்டும். குளத்தில் வெற்றி தந்த தவிட்டையும் புண்ணாக்கையும் நம்பித் தொட்டி வளர்ப்பில் இறங்கியவர் நட்டப்படுவது இங்கேதான். மண் குளமும் குறைந்த மீனும் உடையவர் முழுத் தீவனத்துக்குப் பெருஞ்செலவு செய்யத் தேவையில்லை. எருவும் மலிவான கலவையும் போதும். தொட்டியில் நெருக்கமாக வளர்ப்பவர் தீவனத்தில் மிச்சம் பிடிக்க நினைப்பது, எமது கருத்தில், மிகவும் விலையுயர்ந்த சிக்கனமாகும்.

வளர்ச்சிக் குறைவுக்கெல்லாம் தீவனமே காரணம் என்றும் முடிவுகட்டலாகாது. விடியற்காலையில் மீன்கள் நீரின் மேல்மட்டத்தில் வாய் திறந்து நின்றால் அது பெரும்பாலும் பிராணவாயுக் குறைவு. திலாப்பியாக் குளத்தில் விரலளவு குஞ்சுகள் கணக்கின்றித் திரிந்தால் அது இனப்பெருக்க மிகுதி; எவ்வளவு சிறந்த தீவனமும் அங்கே எடுபடாது. மலாக்காவின் பத்து பெரண்டாமில் இருந்த வெப்பமண்டல மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தில் ஹிக்லிங் என்பார் இரு திலாப்பியா இனங்களைக் கலந்து ஆண் குஞ்சுகளையே பெற்று 1960இல் அறிவித்தது இச்சிக்கலுக்குத் தீர்வாகத்தான்.

தூய அமிலத்தை வாங்கிக் கலக்கலாமா?

லைசினையும் மெத்தியோனினையும் ஆலைகளில் ஆக்கித் தூளாக விற்கின்றனர். லைசின் நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்கச்செய்து பெறப்படுகிறது. மெத்தியோனின் ஆக்கும் ஆலை ஒன்று நம் நாட்டிலேயே, திரெங்கானு மாநிலத்தின் கெர்த்தேயில், 2015இல் உற்பத்தியைத் தொடங்கியது. தீவன ஆலைகள் விலையுயர்ந்த மீன் தூளைக் குறைத்து, இத்தூள்களால் ஈடுகட்டுகின்றன. ஆயின் வீட்டில் கலப்போர் இரண்டைக் கவனிக்க வேண்டும். இத்தூள்கள் நீரில் எளிதில் கரையும். மீன் உண்ணுமுன் பாதி நீரோடு போய்விடலாம். மேலும், தூய அமிலம் குடலில் விரைந்து ஏறிவிடுகிறது. புரதத்திலிருந்து பிரிந்து வரும் மற்ற அமிலங்கள் தாமதமாகவே சேர்கின்றன. இரைப்பை இல்லாத கெண்டை மீனில் தொடக்ககால ஆய்வுகள் தோல்வியுற்றதற்கு இது ஒரு காரணம். நாளுக்கு இருமுறை போடும் இரையைப் பலமுறையாகப் பகிர்ந்து போட்டபோது நிலைமை சீரடைந்தது. சிறு அளவில் கலப்போருக்குத் தூளைவிடச் சோயாவும் மீன் தூளுமே நம்பத்தக்கவை.

வெப்பத்தையும் கவனிக்க வேண்டும். பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு; சூடாக்கினால் அது அழியும். ஆலையில் எண்ணெய் எடுத்த புண்ணாக்கு ஏற்கெனவே சூடு கண்டது. முழுச் சோயாவை வீட்டில் வறுப்பவர் கருக வறுத்துவிட்டால் வேறு கேடு நேர்கிறது: லைசின் சர்க்கரைப் பொருளோடு பிணைந்து மீனுக்குப் பயன்படாமல் போகிறது. ஆய்வுக்கூட அளவில் லைசின் இருக்கும். மீனின் உடலில் சேராது. பொன்னிறத்தோடு நிறுத்துவதே முறை.

ரப்பர் கொட்டை

நம் காலடியில் உதிரும் ரப்பர் கொட்டையைத் தீவனமாக்கலாமா என்பது தோட்டத்தில் இயல்பாக எழும் வினா. ஆக்கலாம், ஆனால் அப்படியே போடக்கூடாது. பருப்பில் 40 விழுக்காட்டுக்கும் மேல் எண்ணெய் உண்டு. எண்ணெய் எடுத்த பின் எஞ்சும் புண்ணாக்கில் புரதம் 25 முதல் 30 விழுக்காடு. சீனாவிலும் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் இதனைத் திலாப்பியா, கெண்டை முதலிய மீன்களுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கின்றனர். அளவோடு சேர்த்தபோது பயன் தந்தது. அளவு மீறியபோது வளர்ச்சி குன்றியது. லைசினும் மெத்தியோனினும் இதில் குறைவு என்பது ஒரு காரணம். ஆகவே இது சோயாவின் இடத்தை முழுவதும் பிடிக்காது. தவிட்டின் இடத்திலும் சோயாவின் ஒரு பகுதியிலும் நிற்கலாம்.

மற்றொரு காரணம் நஞ்சு. பச்சை ரப்பர் பருப்பில் லினமரின் என்னும் பொருள் உண்டு. பருப்பு நசுங்கி ஈரம் பட்டதும் அதிலிருந்து சயனைடு என்னும் கொடிய நஞ்சு பிரிகிறது. மரவள்ளியில் இருப்பதும் இதே பொருளே. பகாங்கில், தெமர்லோ வட்டாரத்து மலாய் மக்கள் பாத்தின் மீன் குழம்பில் சேர்க்கும் 'அசாம் ரோங்' ரப்பர் பருப்பிலிருந்து செய்யப்படுவது. வேகவைத்து, ஊறவைத்து, புளிக்கவைத்து, காயவைத்த பிறகே அது சமையலுக்கு வருகிறது. அவ்வளவு படிகளும் வீணாகச் செய்யப்படுவன அல்ல.

தீவனத்திற்கு ஓட்டை உடைத்துப் பருப்பை எடுத்து, பூசணம் பிடித்ததையும் கறுத்ததையும் கழித்துவிட வேண்டும். நொறுக்கிய பருப்பை ஒரு நாள் முழுவதும் ஊறவைத்து, நீரைப் பலமுறை மாற்றி, பின்னர் திறந்த பாத்திரத்தில், வீட்டுக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் நன்கு கொதிக்கவைத்து வடிக்க வேண்டும். மூடி போட்டுக் கொதிக்கவைத்தால் நஞ்சு ஆவியாய் வெளியேற வழியில்லை. ஆவியை முகர்தலும் ஆகாது. ஊறிய நீரையும் வடித்த நீரையும் ஆடு, மாடு, வாத்துகள் எட்டும் இடத்திலோ ஓடையிலோ ஊற்றலாகாது. வடித்ததை வெயிலில் மொறுமொறுப்பாகக் காயவைத்து அரைக்கலாம். எண்ணெய் எடுக்காத தூள் சில வாரங்களிலேயே காறிவிடும். ஆகவே ஒரு மாதத்திற்கு வேண்டியதை மட்டும் அரைத்து, காற்றுப்புகாத தகரத்தில் வைத்தல் நலம்.

புதிதாகச் சேர்ப்போர் பத்துக் கிலோத் தீவனத்தில் ஒரு கிலோவுக்கு மேல் போகாமல், தவிட்டில் ஒரு கிலோவைக் குறைத்துத் தொடங்கலாம். எல்லா மீனுக்கும் ஒரே நேரத்தில் கொடுக்காமல், குளத்தின் ஒரு மூலையில் வலைக்கூண்டு கட்டி, அதில் எண்ணி நிறுத்துவிட்ட இருபது மீனுக்கு மட்டும் ஆறு வாரம் கொடுத்து, மறுபடி நிறுத்துப் பார்க்கவும். பக்கத்தில் மற்றொரு கூண்டில் பழைய தீவனத்தோடு இருபது மீன் இருக்க வேண்டும். அவ்விரு எடைகளையும், ஒவ்வொரு கூண்டுக்கும் போட்ட தீவனத்தின் அளவையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு மாவட்ட மீன்வள அலுவலகத்திற்குச் சென்றால், அடுத்த மூட்டையில் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று அங்குள்ள அதிகாரிகளிடம் பயனுள்ள முறையில் கலந்து பேசலாம்.